வீட்டுக்கு ஸ்ரீ வந்த கதை

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கம், ஒரு பழைய வீட்டின் பின்வளவில், கிணற்றுக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவே அது கிடந்தது. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், 1963 மாடல். இரண்டே பேர் ஏறலாம். பொனெட்டை மட்டும் தனியாகத் தூக்க முடியாது. மட்கார்ட், முன்விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முதலை வாய் பிளந்த மாதிரித் திறக்கும். திறந்தோம். கார்பரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. காரை எடுக்க இருபத்தொரு நாள் பொறுக்க வேண்டியதாயிற்று.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அன்று ஏறிய விலை, 2025இல் திறந்துவிட்ட பிறகும் இறங்க மனமில்லாமல் நிற்கிறது. கறல் பிடித்த தகரமும் பவுண் கணக்குத்தான். அதற்கு மேல், "ஸ்ரீ நம்பர்" என்று சொல்லி வீட்டுக்காரர் தனியாக ஒரு தொகை கேட்டார். தகட்டின் நடுவே சிங்கள ஸ்ரீ இருந்தால் பழங்கார்ப் பைத்தியங்களுக்கு அது பரம்பரைப் பட்டம். கொடுத்துத் தொலைத்தேன்.

இரவோடு இரவாக லொறியில் வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து பிளட்டின் கீழே இறக்கினேன். மனைவி மாடியிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"என்னப்பா, அடிபட்ட காரா?"

"இல்லை, இனித்தான் திருத்தவேணும்."

"கடலுக்குப் பக்கத்திலயா?"

நியாயமான கேள்வி. எங்கள் ஒழுங்கையின் உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிட்டுப் பசியோடு நிற்கிறது.

சாமான் தேடிப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். "ஸ்பிட்ஃபயருக்கு பிரேக் சிலிண்டர் இருக்கா?" கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பிளேன் சாமான் நாங்க வைக்கிறதில்ல. இரத்மலானையில கேளுங்க."

இதெல்லாம் சமாளிக்கலாம். அப்பாவிடம் தகட்டைக் காட்டத்தான் பயம். 1957இல் அந்த எழுத்து வாகனங்களுக்கு வந்தது. அடுத்த வருடம் இ.போ.ச. பஸ்கள் அதைச் சுமந்துகொண்டு வடக்குக்கு வந்தபோது அதை அழிக்கத் தார் வாளியோடு நின்றவர்களில் அப்பாவும் ஒருவர். அப்போது வயது பதினெட்டு. தமிழ் ஸ்ரீ எழுதும் வேலையைக் கேட்டாராம். கையெழுத்துச் சரியில்லை என்று தார் மட்டும் கொடுத்தார்களாம். அறுபத்தேழு வருடத்துக்குப் பிறகு மகன் அதே எழுத்தை மேல்காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறான்.

ஊன்றுகோலோடு இறங்கி வந்தார். குனிந்து, தகட்டின் தூசியைப் பெருவிரலால் துடைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. காரில் ஏறி இருக்க ஆசைப்பட்டார். இருக்கையோ தரையில் சப்பணம் போட்ட உயரம். ஏற்ற இரண்டு பேர், இறக்க மூன்று பேர்.

அந்த நேரம் பார்த்து டிங்கரிங் பாஸ் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "மஹத்தயா, கறல் நிக்கணும்னா அடியில முழுக்கத் தார் பூசணும்."

அப்பா கையை நீட்டினார்.

"இஞ்ச தாரும் தம்பி, எனக்குப் பழகின வேலை."