கடற்கன்னியும் கற்பிட்டியும்

கேள்வி: டென்மார்க் போய் கோப்பன்ஹேகன் கடற்கன்னி சிலையைப் பார்க்க ஆசை. போகலாமா?
- ஒரு வாசகர், கற்பிட்டி

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் அண்ணாந்து தேடாதீர்கள்; 1913இல் வைத்த அந்தச் சிலையின் உயரமே ஒன்றேகால் மீட்டர்தான். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பவர்கள் அதைவிட உயரம். அந்தக்கால மாலுமிகள் கடற்கன்னி என்று மயங்கியது ஆவுளியாவைப் பார்த்துத்தான் என்பார்கள். கடற்புல் மேயும் அந்தப் பிராணி உங்கள் புத்தளக் கடலில் இன்னும் மிச்சமிருக்கிறது. டேனிஷ்காரர்கள் கற்பனையை வெண்கலத்தில் வார்த்தார்கள். நாம் நிஜத்தைக் கறி சமைத்தோம்.

டேனிஷ் கோட்டையும் பார்க்க ஆசை என்றால், கற்பிட்டிக் கோட்டையைக் கைகாட்டிவிடாதீர்கள். அது ஒல்லாந்தர் கட்டியது. டேனிஷ்காரரும் முதலில் இலங்கைக்குத்தான் வந்தார்கள்; கண்டி அரசனோடு பேச்சு படியவில்லை. அக்கரைக்குப் போய், 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1845இல் அந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். கடலைப் பார்த்தபடி கோட்டை இன்றும் நிற்கிறது. அங்கே போகவும் உங்களுக்கு விசா வேண்டும்தான். கம்பளிச் சட்டை வேண்டாம்.