முதல் இலை யாருக்கு?

வா மாப்ளே, உக்காரு. கையில என்ன, கிளினிக்குல குடுத்த சீட்டா? அதை நாலா மடிச்சுப் பாக்கெட்டுல சொருகிட்டு மட்டன் வறுவல் கேக்கறியே, உன் தைரியத்தை என்னன்னு மெச்சறது! பிரிக்பீல்ட்ஸ்ல உன்னை மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும், வாழையிலைச் சோத்துக் கடைக்காரன் தன் பிள்ளைய லண்டனுக்கே படிக்க அனுப்பிடுவான்.

சீட்டைக் காட்டு. ரத்தக்கொதிப்பு 150-க்கு 95. இந்த ரெண்டு நம்பரும் எதுக்குன்னு டாக்டர் சொன்னாரா? சொல்லியிருப்பார், நீ போனை நோண்டிக்கிட்டு இருந்திருப்பே. மேல இருக்கறது இருதயம் பிழியறப்போ குழாய்ல ஏறுற அழுத்தம். கீழ இருக்கறது அது தளர்ந்து மூச்சு வாங்கறப்போ. கீழ் நம்பரை எவனும் சட்டை பண்றதில்லை. ஆனா இருதயம் சாப்பிடறதே அந்த நேரத்துலதான்.

முழிக்காதே, சொல்றேன். மூடின கை அளவு சதை, 300 கிராம் தேறும். நாலு அறை, நாலு கதவு. வலப்பக்கம் பக்கத்துல இருக்கற நுரையீரலுக்கு அனுப்பினாப் போதும், சுவர் மெலிசு. இடப்பக்கம் உச்சந்தலைக்கும் உள்ளங்காலுக்கும் தள்ளணும். அதனால அந்தச் சுவர் மூணு மடங்கு தடிப்பு. நிமிசத்துக்கு 5 லிட்டர், நாளைக்கு 7,000 லிட்டர். கூத்து என்னன்னா, அத்தனை ரத்தம் உள்ளே புழங்கியும் அந்தச் சதை அதுல கைவைக்காது. உள்ளோரம் லேசா நனையறதோட சரி.

அப்போ பசிக்கு? பெருந்தமனி இருதயத்தை விட்டுக் கிளம்பற வாசல்லயே ரெண்டு கிளை பிரிஞ்சு, திரும்ப இருதயத்துக்கே வரும். கல்யாண வீட்டுச் சமையக்காரன் பந்திக்கு முந்தியே தனக்கொரு இலை ஒதுக்கி வச்சுக்கற மாதிரி, மூளைக்குப் போறதுக்கு முன்னாலயே தன் பங்கை எடுத்துக்கும். கள்ளப்பய! ஆனா கரண்டி கையில இருக்கற வரைக்கும் அவன் வாயில சோறு போகாதில்ல? பிழியறப்போ தன் சதையே அந்தக் குழாய்களை நெருக்கிடும். இடப்பக்கத்துச் சதைக்கு ரத்தம் போறது பெரும்பாலும் தளர்ற நேரத்துலதான். நிதானமா அடிச்சா ஒவ்வொரு துடிப்புலயும் மூணுல ரெண்டு பங்கு ஓய்வு. வேகமா அடிச்சா முதல்ல வெட்டு விழறது அந்த ஓய்வுலதான்.

இப்போ உன் பொழப்பைப் பாரு. விடியறதுக்குள்ள கிள்ளான்ல இருந்து காரை எடுத்து, பெடரல் ஹைவேல ஊர்ந்து, ஹாரன் அடிச்சு, பக்கத்து லேன்காரன் பரம்பரையையே திட்டி வந்து சேர்றே. கொமுட்டர் ரயில் கேஎல் சென்ட்ரலுக்கு நேரா வருது. ஆனா ஸ்டேசனுக்கு நடக்கணுமே! நடந்தாலும் துடிப்பு ஏறத்தானே செய்யும்னு எடக்காக் கேப்பே. ஏறும். ஆனா நடந்து பழகினவன் இருதயம் மத்த நேரமெல்லாம் நிதானமா அடிக்கும். கால் ரத்தம் மேல ஏறணும்னாலும் கெண்டைச்சதை பிழியணும். ஏறினது இறங்காம சிரைக்குள்ள சின்னச் சின்னக் கதவு பாத்துக்கும்.

இருதயத்துக்குப் போற அந்த ரெண்டு குழாயும் 3, 4 மில்லிமீட்டர் அகலந்தான். இனிப்பு நீரும் கொதிப்பும் சிகரெட்டும் சேர்ந்து உட்சுவரைப் புண்ணாக்கினா, கொழுப்பு சுவத்துக்குள்ள குடியேறும். ஒருநாள் அது வெடிச்சா, அந்த இடத்துல ரத்தம் உறைஞ்சு வழி அடைபடும். 2019-ல அரசாங்கம் எடுத்த சுகாதார ஆய்வுல, நம்ம இந்தியர்ல பெரியவங்க பத்துக்கு மூணு பேருக்கு இனிப்பு நீர். எதுலயோ ஒண்ணுல நம்ம ஆளுங்க முன்னால நிக்கிறோம், போ.

"அடைச்சா ஐஜேஎன் இருக்கு மாமா"ங்கறே. இருக்கு, அந்தத் தேசிய இருதய ஆஸ்பத்திரி 1992-ல இருந்து இருக்கு. மகாதீர் 1989-ல பிரதமரா இருந்தப்போ, வெளிநாடு போகாம கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியிலேயே பைபாஸ் பண்ணிக்கிட்டார். 2007-ல ஐஜேஎன்ல மறுபடியும். 2025-ல நூறைத் தொட்டார். உடனே நெஞ்சை நிமித்தாதே! ருசிக்கறப்பவே சாப்பாட்டை நிறுத்துன்னு அம்மா சொன்னதை ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்த ஆளு அவரு. உனக்கு ருசிச்சா இன்னொரு தட்டு. பைபாஸ்னா சும்மாவா? கால்ல இருந்து சிரையை உருவி, உள்ளே இருக்கற கதவு மறிக்கக் கூடாதுன்னு தலைகீழாத் திருப்பித் தைப்பாங்க. இத்தனை வருசம் நடக்காத கால், நெஞ்சுக்குள்ள போயாவது உழைக்கட்டும்னு பாக்கறியா?

மருந்தை ஒழுங்காப் போடு. நெஞ்சு அமுக்கி, கையோ தாடையோ வலிச்சு, வேர்த்துக் கொட்டினா, வாயுன்னு சொல்லி இஞ்சித் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துடாதே. 999-ஐக் கூப்பிடு. நீயே காரை எடுத்துக்கிட்டுக் கிளம்பாதே. பெடரல் ஹைவேல உனக்கு எவன் வழி விடுவான்? நீ எவனுக்கு விட்டிருக்கே?