பூனம்~1: நெடும்பெயர்க் கோப்புகள் வெட்டுப்படும் திசை குறித்து, சென்னையின் மேற்குப் புறநகர்ச் சான்றுகளுடன் ஓர் ஆய்வு

கோப்புக்கு நீளமாகப் பெயர் வைப்பது குற்றம் என்று கணினி வல்லுநர்கள் நெடுநாளாகத் தீர்ப்பளித்து வருகிறார்கள். அந்தத் தீர்ப்பை மேல்முறையீடு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பெயர் எவ்வளவு நீண்டாலும் தாழ்வில்லை, அதை எந்தப் பக்கத்திலிருந்து வெட்டுகிறார்கள் என்பதில்தான் கோளாறு என்பது நமது துணிபு. இதை நிறுவ மென்பொருள் கையேடுகளைவிட அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து ஊர்ப்பெயர்களே தக்க சான்று. இவ்வளவு வளமான ஆய்வுக் களம் மின்சார ரயிலிலும் மாநகரப் பேருந்திலும் போய்ச் சேரும் தூரத்தில் இருந்தும் அறிஞர் உலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை.

முதலில் வெட்டும் கருவியைப் பற்றி. டாஸ் காலத்தில் கோப்பின் பெயருக்கு 8 எழுத்து, வகைக்கு 3 எழுத்து, அவ்வளவுதான் இடம். 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95 பெயரை 255 எழுத்து வரை நீள விட்டது. பழைய மென்பொருள்கள் மிரண்டுவிடக் கூடாதே என்று, நீண்ட பெயர் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குறும்பெயரையும் சத்தமில்லாமல் எழுதி வைத்தது. செய்முறை எளிது: இடைவெளிகளையும் பெயருக்குள் வரும் புள்ளிகளையும் நீக்கு, முதல் 6 எழுத்தை எடு, அலைக்குறி போடு, ஓர் எண்ணைச் சேர். இனி இதை நம் ஊர்களின் ஆங்கில எழுத்து வடிவத்தின் மேல் செலுத்துவோம். ஆவடிக்கு 5 எழுத்து, தப்பித்தது. அம்பத்தூர் அளந்து வைத்தாற்போல் சரியாக 8. ஆனால் பின்னால் ‘டிராயிங்’ என்று ஒரு சொல் சேர்ந்தால் போதும், ஆறோடு வெட்டு விழுந்து ‘ஊர்’ காணாமல் போய்விடும். பூந்தமல்லிக்கு 11 எழுத்து. முதல் ஆறை எடுத்தால் கிடைப்பது பூனம்~1. தொண்டை மண்டலத்துப் பழைய ஊர் ஒன்று வடநாட்டுப் பெண்மணியாகி வெளியே வருகிறது.

இது வேடிக்கை. வேதனை ‘திரு’வில் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் திருமுல்லைவாயில், திருமழிசை, திருவேற்காடு, திருநின்றவூர், இன்னும் தள்ளிப் போனால் திருவள்ளூர் என்று எத்தனையோ திருக்கள். ஆங்கிலத்தில் திருவுக்கு 5 எழுத்து. ஆக, வாய்த்த ஆறில் ஐந்தை மரியாதையே தின்றுவிடுகிறது. ஊரைச் சொல்ல மிஞ்சுவது ஒரே ஓர் எழுத்து. திருமுல்லைவாயிலும் திருமழிசையும் ‘திரும்’ ஆகின்றன, திருவேற்காடும் திருவள்ளூரும் ‘திருவ்’ ஆகின்றன. எது ~1, எது ~2 என்பதை முடிவு செய்வது எது முதலில் வட்டில் ஏறியது என்பதே. அதே கோப்புகளை வேறொரு பென் டிரைவுக்கு வேறு வரிசையில் நகல் எடுத்தால் எண்கள் இடம் மாறிவிடும், திருவேற்காட்டுக்காரரின் பட்டா திருவள்ளூர்க்காரரின் பெயரில் திறக்கும். நான்குக்கு மேல் மோதல் வந்தால் விண்டோஸ் என்.டி. வழிவந்தவை இரண்டெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதற்குக் கணக்குப் போட்டு ஏதோ நான்கு குறிகளை நிரப்பிவிடுகின்றன. அதன்பின் ஊரை அடையாளம் காண ஜோசியரைத்தான் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் பழங்கதை, இன்று யாருக்கு 8 எழுத்துக் கட்டுப்பாடு என்று கேட்பார்கள். கேட்பவர்கள் 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் போனதில்லை போலும். அங்கே சிறு பட்டறைக்கு வாடிக்கையாளர் அனுப்பும் டிராயிங்கின் பெயரில் நிறுவனம், பாகம், இடம் வலம், ரெவிஷன், ‘ஃபைனல்’, அதற்குப் பின் வந்த ‘ஃபைனல் 2’ எல்லாம் இருக்கும். அதைக் கொண்டு எழுதிய புரோகிராமை ஃபானுக் கட்டுப்பாட்டில் ஓடும் பழைய சி.என்.சி. இயந்திரத்தில் ஏற்றினால், அது ஏற்கும் பெயர் ‘ஓ’ என்ற எழுத்தும் நான்கு இலக்கமும் மட்டுமே. புதிய மாடல்கள் 32 எழுத்து வரை ஏற்கின்றன. ஆனால் நன்றாக ஓடுகிற இயந்திரத்தைப் பெயர் வைக்க வசதியில்லை என்பதற்காக எந்த முதலாளியும் மாற்றுவதில்லை. புதிய கணினிகளிலும் தாராளம் ஒரே அளவில் இல்லை. விண்டோஸ் 255ஐ எழுத்துக் குறிகளாக எண்ணுகிறது, லினக்ஸ் பைட்டுகளாக எண்ணுகிறது. தமிழில் திருமுல்லைவாயில் 8 எழுத்து, யூனிகோடில் 16 குறிகள், லினக்ஸ் வட்டில் 48 பைட். எனவே விண்டோஸில் ஒரே கோப்பின் பெயராகத் திருமுல்லைவாயிலை 15 முறை எழுதலாம், லினக்ஸில் 5 முறைதான். ஏன் ஒருவர் அப்படி எழுத வேண்டும் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

பெயரே வேண்டாம், குறியீடு போதும் என்போரும் உண்டு. இவர்கள் நன்னூல் சொல்லும் காரணப்பெயரை ஒதுக்கிவிட்டு இடுகுறிப்பெயரைப் பிடித்துக்கொண்டவர்கள். ரயில்வேயைச் சாட்சிக்கு அழைப்பார்கள். ஆவடி ஏவிடி, அம்பத்தூர் ஏபியூ. சென்ட்ரல் நிலையம் 2019இல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. இராமச்சந்திரன் மத்திய ரயில் நிலையம் ஆன பின்னும், நகரம் 1996இலேயே சென்னை ஆகிவிட்ட பின்னும், அதன் குறியீடு எம்ஏஎஸ் என்று பழைய மெட்ராஸிலேயே நிற்கிறது. உண்மைதான். ஆனால் அந்தக் குறியீடு எதைக் குறிக்கிறது என்ற பதிவேட்டை நாடு முழுவதற்கும் ஒரு பெரிய துறை காத்து வருகிறது. பட்டறையில் ‘ஓ 1207’ என்ன பாகம் என்பது இயந்திரத்தைத் தயார் செய்யும் செட்டரின் தலைக்குள்ளோ அழுக்கேறிய நோட்டிலோ இருக்கும். செட்டர் அதிகச் சம்பளத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் போனால் பதிவேடும் கூடவே போய்விடும். அதே ரயில்வே திருமுல்லைவாயிலைச் சுருக்கிய விதத்தையும் பாருங்கள்: டிஎம்விஎல். திருவுக்கு ஓரெழுத்து, மற்றதெல்லாம் ஊருக்கு. முதல் ஆறை வெட்டி எடுக்கும் மூடத்தனம் அங்கில்லை.

திருவுக்கு ஓரெழுத்து என்ற இந்த நுட்பம் தமிழருக்குப் புதிதன்று. ஊர், தந்தை, பிறகு தன் பெயர் என்ற நீண்ட வரிசையில் பொதுவானதை இனிஷியலாக்கி, தனக்கே உரியதை முழுதாக வைப்பது நம் வழக்கம். காஞ்சிபுரத்தையும் நடராஜனையும் சி.என். என்று சுருக்கிவிட்டு அண்ணாதுரையைத் தொடாமல் விட்டார்கள். விண்டோஸோ பொதுவானதை முழுதாக வைத்துக்கொண்டு உரியதை வெட்டுகிறது. காஞ்சீவரம் நடராஜன் அண்ணாதுரை என்று ஆங்கில எழுத்தில் விரித்து எழுதினால் கிடைப்பது கான்ஜீ~1, அதாவது ஊர் மட்டும், அதுவும் பாதி. இனிஷியலோடு எழுதினால், செய்முறையின்படி புள்ளிகளும் நீங்கி, முதல் ஆறெழுத்து சிஎன்அண்ணா என்று வரும். அலைக்குறி சரியாக அண்ணாவுக்குப் பின்னால் போய் நிற்கிறது. மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் இதை எண்ணிச் செய்திருக்க வாய்ப்பில்லை.

உரியதை முன்னால் கொண்டுவந்தால் ஒரே வாடிக்கையாளரின் கோப்புகள் அகரவரிசையில் சிதறிவிடுமே என்பது வலுவான மறுப்பு. ஃபோல்டர் இருக்கிறதே என்று சொல்லித் தப்ப முடியாது. விண்டோஸில் ஃபோல்டர் பெயர்களும் சேர்ந்து பாதை முழுவதும் பொதுவாக 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும், போதாக்குறைக்கு வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பினால் ஃபோல்டர் கூடப் போவதில்லை. ஆனால் இனிஷியல் இந்த மறுப்பையும் தாங்கும். முன்னால் நிற்கும் ஓரிரு எழுத்தே கோப்புகளை ஓரிடத்தில் சேர்த்துவிடும், மற்ற இடம் உரியதற்கு. சீர்காழியையும் இராமாமிர்தத்தையும் இரண்டே எழுத்தாக்கிச் சுமந்த நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையைக் கோப்புக்கும் கொண்டுவரலாமே என்று நூலகத் துறையினர் கேட்கக்கூடும். அம்முறையின் பெயரிலேயே உள்ள முக்காற்புள்ளியை விண்டோஸ் கோப்புப் பெயரில் அனுமதிப்பதில்லை. ரங்கநாதனின் பெயர் உள்ளே போகும், அவருடைய முறை வாசலில் நின்றுவிடும்.

ஆகவே தி.முல்லைவாயில், தி.மழிசை, தி.வேற்காடு, தி.வள்ளூர். தி. நகரைப் பழகிக்கொண்ட சென்னைக்கு இது சிரமமே இல்லை. எஞ்சியிருப்பது பக்தர்களின் ஆட்சேபம். மாசிலாமணீஸ்வரரும் கருமாரியம்மனும் குடியிருக்கும் ஊர்களிலும், ஓர் ஆழ்வார் அவதரித்த ஊரிலும் திருவைக் குறுக்கலாமா என்று அவர்கள் கேட்பது நியாயம். அவர்கள் பெயருக்குக் கடைசியில் ‘அவர்கள்’ என்று சேர்த்துக்கொள்ளட்டும். வெட்டு விழுந்தால் முதலில் போவது அதுவாகத்தான் இருக்கும், கோப்பு திறந்துகொள்ளும்.