சென்னையில் இரண்டு இரவு

கேள்வி: நேர்முகத் தேர்வுக்குத் தனியாகச் சென்னை போகிறேன். எங்கே தங்குவது? வீட்டில் பயப்படுகிறார்கள். (ஒரு வாசகி, பிக்கட்டி)

பதில்: காட்டெருமை நிற்கிற வளைவைத் தாண்டி பஸ் பிடிக்கும் ஊர்க்காரியை சென்னை என்ன செய்துவிடும்! மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்ட்ரல். புது இடத்தை வெளிச்சத்தில் பார்ப்பதே பாதிப் பாதுகாப்பு. நிலையத்தில் ரயில்வே ஓய்வறை உண்டு, பி.என்.ஆர். எண் இருந்தால் முன்பதிவு செய்யலாம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. விருந்தினர் இல்லமும் இருக்கிறது.

லாட்ஜ்தான் என்றால் படத்தில் தெரியும் மெத்தையை நம்பாதீர்கள், கதவை நம்புங்கள். பணம் கட்டும் முன் உள்தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். ஆடினால் அறையை மாற்றச் சொல்லுங்கள். கூச்சமே வேண்டாம், காசு உங்களுடையது. வரவேற்பில் அறை எண்ணை உரக்கச் சொன்னாலும் வேறு அறை கேளுங்கள். முகவரியை அம்மாவிடம் கொடுங்கள். பெண்கள் உதவி எண் 181 போனில் இருக்கட்டும்.

வேலை உங்களுக்குத்தான் கிடைக்கப்போகிறது. அப்போது அரசின் ‘தோழி’ விடுதிகளை முதலில் விசாரியுங்கள். தனியார் மகளிர் விடுதி என்றால், மகளிர் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014 தமிழ்நாடு சட்டப்படி பெற்ற உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் பெட்டியை இறக்காதீர்கள்.