குடில் சார்

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொண்டாலும் குடில் சார் ஒருவர் இருப்பார். பணி ஓய்வு பெற்றவர். மொட்டைமாடியில் பசுமைக்குடில் போடப் போகிறவர். 'போடப் போகிறவர்' என்பதே அவருடைய நிரந்தர உத்தியோகம். போட்டு முடித்த குடில் சாரை இதுவரை நான் பார்த்ததில்லை.

செடி? ஒரு தொட்டியில் கற்பூரவல்லி இருக்கிறது. அதுவும் மாமி வைத்தது. சாரின் கவலையெல்லாம் கூரைதான். கூம்பா, வளைவா, சுவரில் சாய்த்த ஒற்றைச் சரிவா, முக்கோணம் முக்கோணமாகக் கோத்த அரைக்கோளமா? லிப்டுக்குக் காத்திருக்கும்போது மாட்டிக்கொண்டால் தீர்ந்தது. 1851-ல் லண்டனில் பாக்ஸ்டன் எழுப்பிய கண்ணாடி மாளிகையில் ஆரம்பித்து, பெங்களூரு லால்பாக் கண்ணாடி மாளிகைக்கு வந்து சேர்வதற்குள் லிப்ட் வந்து வந்து போய்விடும்.

மாடியில் இஞ்ச் டேப் பிடித்து, சாக்பீஸால் குடிலின் எல்லையைக் கோடு போட்டு வைத்திருக்கிறார். ஒருநாள் மூன்றாவது மாடி அம்மா வடாம் பிழியக் கோட்டைத் தாண்டி உள்ளே போனார். "அம்மா, அது சுவர். கதவு அந்தப் பக்கம்" என்றார் சார். அந்த அம்மாவும் பாவம், சுற்றிக்கொண்டு 'கதவு' வழியாகவே போய் வடாத்தைக் காயவைத்தார்.

குளிர்தேசத்தில் கண்ணாடிக்குடில் கட்டுவது வெயிலைப் பிடித்து வைக்க. சென்னையில் யாரும் பிடிக்காமலே அது உட்கார்ந்திருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் வெளியிலேயே 40 டிகிரி. மூடிய குடிலுக்குள் கேட்கவே வேண்டாம், தக்காளிப் பூ காய் பிடிக்காமல் கொட்டிவிடும். ஓசூரில் பாலித்தீன் குடிலில் வளரும் ரோஜா வெளிநாட்டுக்குப் போகிறது என்றால், அது அந்த மேட்டுநிலத்தின் குளுமை. இதைச் சாரிடம் சொன்னேன். "அதுக்குத்தானே எக்ஸாஸ்ட் ஃபேன்!" என்று நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். ஃபேனிலும் ஏகப்பட்ட வகை இருக்கிறதாம்.

ஒருமுறை அவரை நிழல்வலைக் கடைக்கு இழுத்துப் போனேன்.

"எத்தனை பர்சென்ட் சார், அம்பதா, எழுபத்தஞ்சா?" என்றார் கடைக்காரர்.

"இது எந்த ஸ்டைல் கூரைக்கு ஒத்துவரும்?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார். "சார், இது வலை. இழுத்துக் கட்டினா நிக்கும், இல்லேன்னா தொங்கும்."

சார் வாங்கவில்லை. அழகுணர்ச்சி இல்லாத கடையாம்.

மாடித்தோட்டம் போட நினைக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கீரைக்கும் மிளகாய்க்கும் கோடையில் 50 சதவீதப் பச்சை வலை தாராளம். ஜிஐ பைப் நட்டு, தலை இடிக்காத உயரத்தில் கட்டுங்கள்; பக்கங்களைத் திறந்து விடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் மரங்களையே சாய்த்த ஊர் இது. புயல் எச்சரிக்கை வந்தால் வலையை அவிழ்த்துச் சுருட்டிவிடுங்கள். முக்கியமாக, கட்டி முடிக்கும்வரை உங்கள் குடியிருப்பின் குடில் சார் காதில் விஷயம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.