தேய்வின் இலக்கணம்

பழைய மோட்டார் சைக்கிளின் குறைகள் மூன்று வகைப்படும். ஓடியதால் வந்தவை, நின்றதால் வந்தவை, முன்னால் தொட்ட கைகளால் வந்தவை. முதல் வகை நேர்மையானது. எங்கே தேயும் என்று முன்கூட்டியே சொல்லலாம், புது உதிரி போட்டால் தீர்ந்துவிடும். இரண்டாம் வகை துரு, இறுகிப்போன ரப்பர், கார்புரேட்டர் கிண்ணத்தில் படிந்த பச்சைப் படலம். மூன்றாவதுதான் கடினம். அதற்கு எந்தக் கணக்கும் கிடையாது.

அதனால்தான் செகண்ட் ஹேண்ட் வண்டியைப் பார்க்கப் போனால் நான் மீட்டரைப் பார்ப்பதில்லை, நட்டுகளைப் பார்க்கிறேன். ஆறு முனையும் கூராக நிற்கும் நட்டு சரியான ஸ்பேனரை மட்டுமே கண்டிருக்கிறது. மழுங்கி வட்டமாகிப்போன நட்டைப் பிளையரால் பிடித்துத் திருகியிருக்கிறார்கள். வெளியே தெரியும் நட்டுக்கே இந்தக் கதி என்றால் உள்ளே இருப்பதற்கு என்ன நடந்திருக்கும் என்று அங்கேயே ஊகித்துவிடலாம்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஒரு ஸ்ப்ளெண்டர். ஹீரோ ஹோண்டா 1994இல் கொண்டுவந்த வண்டி. 50 மில்லிமீட்டர் போர், 49.5 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 97.2 சிசி. இதே குடும்பத்து இன்ஜின்தான் 1985இல் வந்த சிடி 100இலும் இருந்தது. முன்பக்கம் சாய்ந்து ஏறத்தாழப் படுத்தே கிடக்கும் அந்த சிலிண்டரின் வம்சம், 1958இல் ஹோண்டா ஜப்பானில் வெளியிட்ட சூப்பர் கப் வரை போகும். வீட்டில் ரிப்பேர் கற்க நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரியவில்லை. உதிரி எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். ஒவ்வொரு பாகமும் தான் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதைத் தானே விளக்கும்.

முதல் வேலை டேப்பெட், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளி. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும் என்பதால் இதைக் காலையில், கிக்கரைத் தொடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். மேக்னெட்டில் உள்ள டி குறியை நேராக்கி, இரண்டு ராக்கர்களும் விரலுக்கு லேசாக ஆடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆடாவிட்டால் பிஸ்டன் தவறான சுற்றில் மேலே வந்திருக்கிறது, இன்னொரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். பிறகு ஃபீலர் கேஜ். இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் இடைவெளி 0.05 மில்லிமீட்டர். அந்தத் தகடு சவரப் பிளேடைவிட மெல்லியது.

இடைவெளி கூடினால் டக்டக் என்று சத்தம் வரும், உடனே யாராவது இறுக்கிவிடுவார்கள். குறைந்தால் சத்தமே வராது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் ஆபத்து இதில்தான் இருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கி வைப்பது இருக்கையில் அமரும் அந்தச் சிறு நேரத்தில்தான். முழுதாக அமர முடியாத வால்வு சூட்டைச் சுமந்துகொண்டே ஓடி, ஓரம் கருகிப்போகும். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் எனக்குச் சொன்ன முதல் பாடமே இதுதான்: "தம்பி, சத்தம் வர்ற டேப்பெட் பேசுதுன்னு வெச்சுக்கோ. சத்தமே வரலேன்னாதான் திறந்து பார்க்கணும்."

டேப்பெட் முடிந்த பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி, பழைய பெயின்ட் டப்பாவை அடியில் வைத்து ஆயிலை இறக்கலாம். பெரும்பாலானோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆயிலை மாற்றினேன் என்று சொல்வார்கள், சொல்வதும் உண்மைதான். ஆனால் இந்த இன்ஜினில் காகித ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பிவலை உண்டு, அது பெரிய துகள்களைத் தடுக்கும். நுண்ணிய அழுக்கைப் பிடிப்பது கிராங்கின் வலது முனையில் கிராங்கோடு சேர்ந்தே சுழலும் ஒரு சிறு கிண்ணம். ஆயில் அதற்குள் நுழையும்போது, ஆயிலைவிடக் கனமான துகள்கள் சுழற்சியின் வேகத்தில் சுவரோரம் வீசப்பட்டு அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன. பாலிலிருந்து கிரீம் பிரிக்கும் இயந்திரமும் இதே விதியில்தான் வேலை செய்கிறது. மாற்றுவதற்கு எதுவும் இல்லாத, சுத்தம் செய்ய மட்டுமே வேண்டிய ஃபில்டர். எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் கடையில் வாங்கும்படி ஒன்றும் இல்லாததால் யாருக்கும் நினைவு வருவதும் இல்லை.

நான் வாங்கிய வண்டியில் கிக்கரைக் கழற்றி, வலது பக்கக் கவரை எடுத்து, கிண்ணத்தின் மூன்று ஸ்குரூக்களையும் விடுவித்தபோது உள்ளே கண்மை போலக் கெட்டியாக ஒரு விரல் கனத்துக்கு அழுக்கு இருந்தது. நகத்தால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. எத்தனை ஆண்டுத் தேய்வு அது! பிஸ்டனும் பேரிங்கும் கிளச்சும் உதிர்த்த பொடியெல்லாம் அந்த ஓரிடத்தில் சேர்ந்து, இன்ஜினைக் காப்பாற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. இதைத் துடைக்கும்போது ஒரு கவனம் வேண்டும். நடுவில் உள்ள ஆயில் துளைக்குள் அழுக்கைத் தள்ளிவிடக் கூடாது, அது நேராக கிராங்குக்குப் போகும் வழி. நூல் பிரியாத பழைய வேட்டித் துணியில் துளையிலிருந்து வெளிப்பக்கமாகவே துடைக்க வேண்டும். கவரை மூடும்போது புது பேக்கிங்.

அந்த மூன்று ஸ்குரூக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானிய முறைத் திருகின் பள்ளமும் நம் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் ஸ்குரூடிரைவரின் முனையும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், உண்மையில் ஒன்றல்ல. பிலிப்ஸ் முனை அடிவரை இறங்காமல் மேலேறி வழுக்கும். ஜப்பானிய முனை கொண்ட இம்பாக்ட் டிரைவர் ஒன்றை வாங்கிச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் அசையாத ஸ்குரூவும் அசையும். இந்தக் கட்டுரையில் செலவு செய்யச் சொல்லும் முதல் கருவி இதுதான்.

அடுத்தது செயின். அது நீள்கிறது என்கிறோம். தகடுகள் நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்ந்து, 12.7 மில்லிமீட்டராக இருக்க வேண்டிய கண்ணி இடைவெளி இம்மி இம்மியாகக் கூடுகிறது. கூடிய இடைவெளிக்கு ஏற்ப ஸ்பிராக்கெட்டின் பற்களும் கொக்கி போல வளைந்து தேய்கின்றன. ஆகவே தேய்ந்த பல்லில் புதுச் செயினை மாட்டினால் அதையும் பல் தன் வழிக்கு இழுத்துவிடும். செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் செட்டாகவே மாற வேண்டும். புதுப்பேட்டைப் பழைய உதிரிக் கடைகளில் ஹேண்டில்பார் வாங்கலாம், சைடு கவர் வாங்கலாம். செயினும் பேரிங்கும் பிரேக் ஷூவும் பழையதாக வாங்கவே கூடாது.

புகை பற்றிச் சுருக்கமாக. இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் நீலமாகக் கொஞ்சம் புகைந்து நின்றுவிட்டால் வால்வு சீல் போயிருக்கலாம். ஆக்சிலரேட்டரை முறுக்கும் போதெல்லாம் தொடர்ந்து புகைந்தால் ரிங், போர். பின்னது வீட்டு வேலை அல்ல. போர் போடுவது, கிராங்க் பேரிங் மாற்றுவது, போன த்ரெட்டை மீட்பது எல்லாம் லேத் பட்டறைக்கு உரியவை. இதை ஒப்புக்கொள்வதும் வீட்டு ரிப்பேரின் ஒரு பகுதி.

த்ரெட் என்றதும் என் வண்டியின் டிரெயின் போல்ட் நினைவுக்கு வருகிறது. வெளியே சுத்தமாக இருந்தது. கழற்றினால் மரை முழுக்க வெள்ளை டெஃப்லான் டேப், பிளம்பர்கள் குழாய்க்குச் சுற்றுவது. இன்ஜின் கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு. அளவுக்கு மீறி இறுக்கினால் தோற்பது அலுமினியம்தான். யாரோ ஒருவர் இறுக்கி மரையை அழித்திருக்கிறார். அடுத்தவர் டேப்பைச் சுற்றி மறைத்திருக்கிறார். அதற்கடுத்து வந்தவர் அதைக் கண்டும் மூடியிருக்கிறார். அந்தப் போல்ட் நடுரோட்டில் கழன்றிருந்தால் நிமிடங்களில் ஆயில் முழுதும் வடிந்து பிஸ்டன் பிடித்திருக்கும். பட்டறையில் ஒரு அளவு பெரிய த்ரெட் போட்டு, அதற்கேற்ற போல்ட்டும் காப்பர் வாஷரும் வைத்துக் கொடுத்தார்கள். அன்று எனக்கு வந்த கோபம் மரையை அழித்தவர் மீதல்ல. மறைத்தவர் மீது.

வேலை முடிந்ததும் இடது சைடு கவரின் உட்புறத்தைத் துடைத்து, பெயின்ட் மார்க்கரால் எழுதினேன்: தேதி, கிலோமீட்டர், டேப்பெட் 0.05, கிண்ணம் சுத்தம் செய்தது, டிரெயின் போல்ட் பெரிய அளவு, மெதுவாக இறுக்கவும். கீழே இன்னும் நாலைந்து வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.