நான்காம் பானிப்பட் போர்

1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கிளம்புகிறது ஒரு பொடி விமானம். பெயர் புஸ் மாத். ஓட்டுகிறவர் 28 வயது ஜே.ஆர்.டி. டாட்டா. சரக்கு, 25 கிலோ தபால். இந்திய விமானப் போக்குவரத்தின் வரலாற்றை யார் எழுதினாலும் அநேகமாக இந்தக் காட்சியில்தான் தொடங்குவார்கள். இளைஞர், ஆகாயம், மேகம், பின்னணியில் வயலின். நடுவே வரும் அகமதாபாத் சீனை மட்டும் எடிட்டிங்கில் தூக்கிவிடுவார்கள்.

அகமதாபாத்தில் பெட்ரோல் போட விமானம் இறங்கியது. பர்மா ஷெல் கம்பெனி ரெடியாக இருந்தது. நாலு காலன் டின்களில் பெட்ரோல் வந்தது. எதில் வந்தது? மாட்டு வண்டியில்! ஆமாம் சார், அன்றைய அதிநவீன வாகனத்துக்கு மேலே பறக்கத் தெம்பு கொண்டுவந்தவை மாடுகள். டாட்டா பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்ட்சென்ட் என்ற விமானி பெல்லாரி வழியாகத் தபாலைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். இருவர் பெயரும் சரித்திரத்தில் ஏறியது. வண்டிக்காரர் பெயர்? அட, யாராவது கேட்டிருந்தால்தானே!

விமான எரிபொருளின் கதை முழுக்க இதே லட்சணம்தான். பறக்கிறவருக்கு மாலை. எண்ணெய் கொண்டுவருகிறவருக்கு, "கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, போட்டோவுல விழறே!" இப்போது 'பசுமை எரிபொருள்' என்று ஒரே அமர்க்களமாக இருக்கிறதே, அதிலும் இந்தப் பழக்கம் மாறியதாகத் தெரியவில்லை.

முதலில் ஒரு ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். ஜெட் விமானம் குடிப்பது ஏதோ தேவலோக அமிர்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், மன்னிக்கவும். ஏ.டி.எஃப். என்று ஸ்டைலாகச் சொல்கிறார்களே, அது நன்றாகச் சுத்தம் செய்த சீமெண்ணெய். மைனஸ் 47 டிகிரி வரை உறையக் கூடாது, தண்ணீர் சேரக் கூடாது என்று கறாரான கண்டிஷன்கள் உண்டு. மற்றபடி, ரேஷன் கடையில் நீலச் சாயத்தோடு விற்ற அதே குடும்பத்து வாரிசுதான். அண்ணன் கேனோடு க்யூவில் நின்றான். தம்பி ஃபாரின் போய்விட்டான்.

செடியிலும் மரத்திலும் இருந்து விமான எண்ணெய் எடுப்பதை ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த மாதிரி எல்லோரும் பேசுகிறார்கள். ஆசியாவில் அதை ஒரு தேசமே சேர்ந்து முயன்று பார்த்தாயிற்று. யார்? ஜப்பானியத் தளபதிகள்! இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டம். தெற்கேயிருந்து வந்த எண்ணெய்க் கப்பல்களை அமெரிக்க நீர்மூழ்கிகள் வரிசையாக மூழ்கடித்துவிட்டன. விமானம் இருக்கிறது, விமானி இருக்கிறார், டேங்க் காலி. தளபதிகள் தலையைச் சொறிந்தபடி சுற்றுமுற்றும் பார்த்தார்கள். பைன் மரம் கண்ணில் பட்டது.

வேரைத் தோண்டு, கொதிக்க வை, எண்ணெய் எடு! 200 வேர்க்கட்டை கொடுத்தால் ஒரு விமானம் ஒரு மணி நேரம் பறக்கும் என்று ஊர் ஊராகப் பிரசாரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்பட ஜனங்கள் மண்வெட்டியோடு மலை ஏறினார்கள். மலைகள் மொட்டையாயின. 34,000க்கும் மேற்பட்ட கொப்பரைகளில் வேர் வெந்தது. 1945 ஜூனில் மாதத்துக்கு 70,000 பீப்பாய் வேர் எண்ணெய்! ஒரே ஒரு சின்னச் சிக்கல். அதை விமான பெட்ரோலாகச் சுத்திகரிக்கும் வழி மட்டும் கடைசிவரை சரியாகப் பிடிபடவில்லை. சரணடைந்த நாள்வரை தேறியது 3,000 பீப்பாய். போர் முடிந்ததும் அமெரிக்கச் சிப்பாய்கள் ஆசையாக அதை ஜீப்பில் ஊற்றி ஓட்டிப் பார்த்தார்கள். சில நாளில் பிசின் பிடித்து எஞ்சின் படுத்துவிட்டது. எதிரிக்கு எதிராக அந்த எண்ணெய் அடைந்த ஒரே வெற்றி அதுதான்!

அடுத்து ரிச்சர்ட் பிரான்சன் என்ட்ரி. விளம்பரம் என்றால் பலூனில் ஏறி அட்லாண்டிக்கைத் தாண்டுகிற ஆசாமி. 2008 பிப்ரவரியில் அவருடைய வர்ஜின் அட்லாண்டிக்கின் போயிங் 747 லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குத் தேங்காய் எண்ணெயில் பறந்தது. பிரேசில் பக்கத்து பபாசு எண்ணெயும் கூட்டு. பிரான்சன் கையில் தேங்காயோடு போஸ்! கொஞ்சம் கணக்குப் போடலாமா? நாலு எஞ்சினில் ஒன்றுக்கு மட்டும். அதிலும் 20 சதவீதம். ஆக மொத்தத்தில் 5 சதவீதம். பயணிகள்? ஒருவர்கூடக் கிடையாது. சென்னையின் மார்கழிக்கே கெட்டிப்பட்டுவிடுகிற எண்ணெயை நம்பி யார் ஏறுவார்கள் என்கிறீர்களா? அதை ரசாயன முறையில் மாற்றித்தான் ஊற்றினார்கள். ஆனால் கேமரா தேடியது தேங்காயை.

அதே பிரான்சன் 15 வருஷம் கழித்து, 2023 நவம்பர் 28 அன்று, லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 100 சதவீதம் பசுமை எரிபொருளில் பறந்தார். பிரிட்டன் போக்குவரத்து அமைச்சரும் கூடவே போனார். சாதனைதான், கைதட்டலாம். டிக்கெட் வாங்கிய பயணிகள் இப்போதும் கிடையாது. எண்ணெய் எதிலிருந்து? பெரும்பகுதி, சமைத்து முடித்த பழைய எண்ணெயும் கழிவுக் கொழுப்பும். தேங்காய் உடைத்துப் பிள்ளையார் சுழி போட்டவர் கடைசியில் வாணலியில் வந்து நின்றார்!

சரி, நம் நாட்டு ராஜாக்கள் என்ன செய்தார்கள்? 2003-ல் திட்டக் கமிஷன் ஒரு மகா திட்டம் போட்டது. கதாநாயகன், காட்டாமணக்கு. தரிசில் வளரும், தண்ணீர் கேட்காது, ஆடு மாடு வாய் வைக்காது. 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் இந்த மாதிரி எண்ணெய்தான் என்றார்கள். எவ்வளவு நிலம் வேண்டும்? ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.3 கோடி ஹெக்டேர்தான் ஐயா! மெரினா, மீனாட்சி அம்மன் கோயில், கொடைக்கானல் எதையும் பாக்கி வைக்காமல் நட்டிருந்தால் ஒருவேளை ஒப்பேறியிருக்கும்.

குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் காட்டாமணக்கின் பெருமையை மேடைகளில் உற்சாகமாகப் பேசினார். சத்தீஸ்கர் முதல்வர் ரமண் சிங் தன் காரையே காட்டாமணக்கு டீசலில் ஓட்டிக் காட்டினார். எல்லோரும் நல்ல மனசோடு சொன்னதுதான். செடியை மட்டும் யாரும் கலந்தாலோசிக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் உயிரோடு இருப்பேன் என்றது அது. காய்ப்பேன் என்று எப்போது சொன்னது? உரமும் தண்ணீரும் விட்டால் காய்க்கும். அந்த இரண்டும் இருக்கிற விவசாயி கரும்போ வாழையோ போட்டுவிட்டுப் போகமாட்டாரா? வேலியில் நின்றதை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதையாக, ஆசையாக நட்டவர்கள் பலர் அலுத்துப்போய்க் கைகழுவினார்கள். தமிழ்நாடும் இதற்கு விலக்கில்லை.

ஆனாலும் காட்டாமணக்குக்கு ஒரு நாள் ராஜயோகம் அடித்தது. 2018 ஆகஸ்ட் 27. டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானிகள் வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டு அந்த எண்ணெயை விமான எரிபொருளாக மாற்றியிருந்தார்கள். விதை வந்தது சத்தீஸ்கரின் 500 விவசாயக் குடும்பங்களிடமிருந்து. 25 சதவீதம் கலந்து, ஸ்பைஸ்ஜெட் விமானம் டேராடூனிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. அங்கே வரவேற்க நிதின் கட்கரி, தர்மேந்திர பிரதான், ஹர்ஷ் வர்தன் என்று மத்திய அமைச்சர்கள் வரிசை கட்டி நின்றார்கள். அப்படியே ஒரு கேபினட் மீட்டிங்கை அங்கேயே முடித்திருக்கலாம். 500 குடும்பங்களையும் விழாவுக்கு அழைத்திருந்தால்? வீட்டுக்கு ஒருவர் என்றாலும் அந்தச் சின்ன விமானம் ஏழு நடை அடிக்க வேண்டும். அத்தனைக்குக் காட்டாமணக்குக்கு எங்கே போவது!

2023 மே 19. புனேயிலிருந்து டெல்லிக்கு ஏர் ஏசியா இந்தியா விமானம் பறந்தது. இந்த முறை நிஜப் பயணிகளோடு. வரவேற்றவர் பெட்ரோலிய அமைச்சர் ஹர்தீப் சிங் புரி. கலந்திருந்த உள்நாட்டுப் பசுமை எரிபொருள், அதிகபட்சம் 1 சதவீதம். ஐந்து வருஷத்தில் 25-லிருந்து ஒன்றா என்று சிரிக்காதீர்கள். இதுதான் உருப்படியான காரியம். ஒரு நாள் 25 சதவீதம் ஊற்ற ஒரு லேப் போதும். தினமும் ஒரு சதவீதம் ஊற்ற ஒரு தேசமே ஓடியாட வேண்டும்.

அந்த ஓட்டத்துக்குத்தான் அரசு இப்போது விசில் ஊதியிருக்கிறது. வெளிநாடு போகும் விமானங்களுக்கு 2027-ல் 1 சதவீதம், 2028-ல் 2, 2030-ல் 5. நாடு வருஷத்துக்கு எரிக்கும் ஏ.டி.எஃப். சுமார் 90 லட்சம் டன். பசுமைச் சரக்கின் விலையோ சாதாரண எண்ணெயைப்போல் இரண்டு முதல் ஐந்து மடங்கு. ஒரு சதவீதம் என்று அடக்கமாக ஆரம்பித்ததன் மர்மம் இப்போது விளங்குகிறதா?

விலை என்றதும் வரி ஞாபகம் வருகிறது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஏ.டி.எஃப். அதில் சேரவில்லை. மாநிலங்கள் விட்டால்தானே! தமிழ்நாட்டு வாட் 29 சதவீதம். விமான அமைச்சராக இருந்த ஜோதிராதித்ய சிந்தியா மாநிலங்களுக்குக் கடிதம் கடிதமாக எழுத, பல மாநிலங்கள் மனமிரங்கி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கின. பாண்டிச்சேரிக்குப் போய்த் திரும்பும்போது நம் ஆட்கள் பெட்ரோல் டேங்கைத் தளும்பத் தளும்ப நிரப்பிக்கொண்டு வருவார்களே, பைலட்டும் அதையேதான் செய்கிறார்; வரி குறைந்த ஊரில் இறங்கினால் தேவைக்கு மேல் நிரப்பிக்கொள்கிறார். கூடுதல் எடையைச் சுமக்கக் கூடுதல் எண்ணெய் எரியும். காசு மிச்சம், புகை அதிகம். உலகைக் காக்கக் கிளம்பிய படையை வழிமறிப்பது ஒரு வாட் படிவம்!

சரி, அந்த ஒரு சதவீதம் எங்கிருந்து வரப்போகிறது? நிமிர்ந்து உட்காருங்கள். பானிப்பட்டிலிருந்து! ஆம், பாபர் பீரங்கியோடு வந்த அதே பானிப்பட். அங்குள்ள இந்தியன் ஆயில் சுத்திகரிப்பு ஆலை, பழைய சமையல் எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் தயாரிக்க 2025 ஆகஸ்ட்டில் சர்வதேசச் சான்றிதழ் வாங்கியது. திட்டம், வருஷத்துக்கு 35,000 டன். 1526, 1556, 1761 என்று மூன்று தடவை இந்தியாவின் தலையெழுத்தை மாற்றிய ஊர், நான்காவது தடவையாகக் களம் இறங்குகிறது. ஆயுதம், பஜ்ஜி சுட்ட எண்ணெய்.

போருக்குச் சட்டம் பக்கபலமாக இருக்கிறது. காய்ச்சக் காய்ச்ச எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து விதி வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட எண்ணெயைச் சேகரித்து எரிபொருளாக்க அதே வருஷம் ஆகஸ்ட்டில் தனித் திட்டமும் தொடங்கியது. பெரிய ஓட்டல்கள், பலகாரக் கம்பெனிகளிடம் மொத்தமாக வாங்கிவிடலாம். தெருமுனைக் கடையில்? அங்கே எண்ணெய் பழையதாவதே கிடையாது. குறையக் குறைய மேலே புதுசு ஊற்றுவார்கள். அடியில் இருப்பதன் வயது வாணலிக்கே தெரியாது. பெரிய ஓட்டல் கழித்துக்கட்டிய எண்ணெய் சல்லிசாகச் சின்னக் கடைக்கு வந்து மறுபிறவி எடுப்பதும் உண்டு. மறுசுழற்சியில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை!

சேகரிப்பு சூடுபிடித்தால் இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. மலேசியாவில் அரசு மானிய விலையில் பாமாயில் பாக்கெட் கிடைக்கிறது. ஏற்றுமதியாகும் பழைய எண்ணெய்க்கோ அதைவிட நல்ல விலை. சும்மா இருப்பானா மனிதன்? புதிய எண்ணெயே பழைய எண்ணெய் வேஷம் கட்டிக் கப்பல் ஏறுகிறதோ என்று ஐரோப்பாவில் சந்தேகம் கிளம்பிவிட்டது. புதுசைப் பழசு என்று சொல்லி ஏமாற்றும் அளவுக்கு மனித குலம் முன்னேறியிருக்கிறது.

மூன்றாம் பானிப்பட் போரில் மராட்டியர் ஏன் தோற்றார்கள் என்பதற்கு ஆயிரம் விளக்கம் சொல்வார்கள். பெரிய தளபதிகள் இருந்தார்கள், பீரங்கிகள் இருந்தன, வீரத்துக்குப் பஞ்சமே இல்லை. சோறு இல்லை. அகமது ஷா அப்தாலி தானிய வரத்தை அறுத்துவிட்டார். வாரக்கணக்கில் பட்டினி கிடந்த படை, 1761 ஜனவரி 14 அன்று வேறு வழியில்லாமல் களத்தில் இறங்கி அழிந்தது. நான்காம் போரிலும் எல்லாம் பிரமாதமாக இருக்கிறது. ஆலை, சான்றிதழ், அமைச்சர், இலக்கு. வரத்து மட்டும் ஊர் ஊராக, தெருமுனைகளில், வடை மாஸ்டர்களின் கையில் இருக்கிறது. டெல்லியிலிருந்து அமைச்சரே மாலையும் போட்டோகிராபருமாக வந்து நின்றாலும் மாஸ்டர் கரண்டியைக் கீழே வைக்காமல் சொல்லப்போவது இதைத்தான்: "செத்த இருங்க சார். இன்னும் ரெண்டு ஈடு போட்டுட்டுத் தர்றேன்."